1944ஆம் ஆண்டு லொறிக்கு ஒரு ரேடியோ

தை 18

திருத்தி முடித்த பெட்போர்ட் லொறிக்கு ஒரு ரேடியோ தேர்ந்து தரும்படி மருமகன் கேட்டிருக்கிறான். சும்மா ரேடியோ அல்ல, அந்தக் காலத்துப் படை ரேடியோ. வண்டி பெட்போர்ட் எம்.டபிள்யூ. வகை: 15 அந்தர் பாரத்துக்கென்று இங்கிலாந்தில் 1939 தொடக்கம் 1945 வரை செய்தது. ஆறு சிலிண்டர், 72 குதிரைவலு. போர் முடிந்தபின் மரப்பெட்டி மாற்றி, நெல்லும் சீமெந்தும் ஏற்றி உழைத்துத் தேய்ந்த வண்டி.

“முன்னுக்கு ரெண்டு நீட்டு ஏரியல், பின்னுக்கு 19ஆம் நம்பர் செற். பாக்கிற சனம் அசந்துபோகும், மாமா” என்றான்.

சனம் அசந்துபோவதைப் பற்றி எனக்கு அக்கறையில்லை. 1944இல் அந்த லொறியை ஓட்டிய சாரதி இன்று எழும்பி வந்து பார்த்தால், “ஓம், இப்பிடித்தான் இருந்தது” என்று சொல்ல வேண்டும். நான் தேடப்போவது அதற்கு ஏற்ற ரேடியோவை.

தை 21

தும்பளையில் வண்டி நிற்கும் கொட்டிலுக்குப் போனேன். ரேடியோவைத் தேட முன்னம் வண்டியை வாசிக்க வேண்டும். எம்.டபிள்யூ. வகையில் தண்ணீர் கொண்டுபோக ஒன்று, பீரங்கி இழுக்க ஒன்று, சாமான் ஏற்ற ஒன்று, ரேடியோவுக்கென்றே ஒன்று என்று பலது உண்டு. ரேடியோ வண்டிக்கு எம்.டபிள்யூ.ஆர். என்று பெயர். எஞ்சினின் பொறி ரேடியோவில் இரையாதபடி அதன் மின்கம்பிகளுக்குத் தனிக் காப்புப் போட்டிருப்பார்கள்.

எங்களுடையதில் அந்தக் காப்பில்லை. ஏரியல் பூட்டிய ஓட்டையில்லை, அடைத்து ஒட்டிய தடமும் இல்லை. இது சாமான் ஏற்றிய வண்டி. அப்படிப்பட்ட வண்டியில் ரேடியோவே இருந்திருக்காது. மருமகனிடம் சொன்னேன். முகம் சுருங்கிப் போனது. “அப்ப ஒண்டும் வைக்கேலாதோ?” என்று கேட்டான். வைக்கலாம், ஆனால் அதற்கு ஒரு நியாயம் வேண்டும் என்றேன்.

தை 22

நியாயம் வண்டியின் கதையிலேயே கிடைக்கலாம். பழைய உரிமையாளர் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லி வந்த கதை, இது பலாலிப் பக்கம் ஏலத்தில் எடுத்தது என்பது. கடதாசி ஒன்றும் இல்லை. ஆனாலும் பொருந்துகிற கதை. பலாலி விமானத்தளம் இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை அமைத்தது. அவர்களுடைய ஏடுகளில் அதன் பெயர் காங்கேசன்துறை. 1945இல் 203ஆம் ஸ்குவாட்ரன் லிபரேற்றர் விமானங்களோடு அங்கே இருந்தது. குடாநாட்டில் மிஞ்சிய படைலொறி விமானப்படையிலிருந்து வந்திருப்பதற்கே இடம் அதிகம்.

அப்படியென்றால் தேட வேண்டியது தரைப்படையின் ரேடியோவை அல்ல, விமானப்படையின் ரேடியோவை.

தை 29

மருமகன் ஆசைப்படும் 19ஆம் நம்பர் செற்றைப் பற்றியும் நீதியாக எழுத வேண்டும். 1941இல் வந்த அருமையான கருவி. கேம்பிரிட்ஜிலிருந்த பை நிறுவனம் வடிவமைத்தது. ஒரே பெட்டிக்குள் மூன்று வேலை: 2 தொடக்கம் 8 மெகாஹேர்ட்ஸ் வரை தூரப் பேச்சு, 235 மெகாஹேர்ட்ஸ் அளவில் கிட்டடிப் பேச்சு, வண்டிக்குள் இருப்பவர்கள் தங்களுக்குள் பேச இன்னொரு இணைப்பு. கனடாவில் செய்தவற்றில் சிலதின் முகத்தட்டில் ரஷ்ய எழுத்தும் இருக்கும், சோவியத் படைக்கு அனுப்பச் செய்ததால். இன்றும் பழைய சாமான் சந்தையில் சுலபமாகக் கிடைப்பது இதுதான். உலகம் முழுக்கத் திருத்திய வண்டிகளில் இதையே கொண்டுபோய் வைக்கிறார்கள். ஆனால் அது முதலில் தாங்கிக்கென்று பிறந்தது. ரேடியோ லொறிகளிலும் ஓடியது உண்மை. சாமான் லொறியில் அதற்கு என்ன வேலை?

22ஆம் நம்பர் செற் இன்னும் கொஞ்சம் கிட்ட வருகிறது. அதே 2 – 8 மெகாஹேர்ட்ஸ். வண்டியிலும் வைக்கலாம், இறக்கித் தரையிலும் வைக்கலாம். பர்மாப் போரிலும் ஓடியது. எங்கள் லொறி தரைப்படையுடையது என்று ஒரு தடயம் கிடைத்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

மாசி 2

கொழும்பிலிருந்து ஒரு வியாபாரி படம் அனுப்பியிருக்கிறார்: “இரண்டாம் உலகப் போர் செற், ஒறிஜினல்.” படத்தைப் பார்த்தவுடனே தெரிந்தது. வார்ப்பு உலோகப் பெட்டி, தண்ணீர் புகாத மூடி, 36 தொடக்கம் 60 மெகாஹேர்ட்ஸ் அளவு. சி42 என்கிற செற். 1950களில் பிரித்தானியப் படைக்கு வந்தது. 1944 லொறியில் அதை ஏற்றுவது பிழை.

வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது தகடு. பிரித்தானியப் படைச் சாமானில் மேல்நோக்கிய அம்புக்குறி இருக்கும். தரைப்படை ரேடியோவின் உதிரிகளில் ‘இசட்.ஏ.’ என்று தொடங்கும் எண். விமானப்படையுடையதென்றால் முடிச் சின்னமும், அதன்கீழ் ‘ஏ.எம்.’ என்ற எழுத்தும், 10டி என்று தொடங்கும் எண்ணும். விற்கிறவரின் சொல்லை நம்ப முன்னம் இதைத் தேட வேண்டும்.

மாசி 6

இன்று லொறியை முதன்முதலாக றோட்டில் எடுத்தோம். முனைப்பக்கம் வெளிச்சவீடு வரை போய், கடற்கரை றோட்டால் திரும்பினோம். எஞ்சின் நன்றாக ஓடியது. பின்னாளைய உள்நாட்டுப் போர்க்காலத்தில் பெற்றோல் இல்லாமல் ஏ40 கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டிய மெக்கானிக்மாரின் ஊரில் எஞ்சினுக்குக் குறை வராது.

ஆனால் சந்தியில் ஒரு அம்மா படலையடியில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கொஞ்சம் தள்ளி ஒருவர் சைக்கிளை நிறுத்தி, “தம்பி, உதை ஏன் பச்சையா அடிச்சனியள்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. மருமகன் 1944, பிரித்தானியப் படை என்று விளக்கினான். அவர் தலையாட்டிவிட்டு, “ஏரியல் கீரியல் மட்டும் பூட்டிப் போடாதேங்கோ” என்றார்.

இந்த ஊருக்குப் பச்சை லொறியும் அசையும் நீட்டு ஏரியலும் என்னவென்று தெரியும். அதைப் பார்த்து ஓடின சனம் இன்னும் உயிரோடு இருக்கிறது. வரலாற்றுச் சாமானைக் காட்டுவதற்கு நாங்கள் யாரையும் நடுங்க வைக்கத் தேவையில்லை. ஏரியல் இல்லை என்று இன்று முடிவு. ஏரியல் ஓட்டையே இல்லாத வண்டிக்கு அதுதான் சரியும்கூட.

மாசி 7

ஒலிபரப்பும் கருவி வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் சட்டம். ஒலிபரப்பியைக் கொண்டுவரவும் வைத்திருக்கவும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம். கேட்கும் கருவி போதும்.

மாசி 13

ஆர்1155. இதுதான் என்று நினைக்கிறேன்.

மார்க்கோனி வடிவமைத்த ஏற்பி. டி1154 என்ற ஒலிபரப்பியோடு சோடியாக லங்காஸ்டர் போன்ற குண்டுவீச்சு விமானங்களில் இருந்தது. விமானத்தோடு நிற்கவில்லை, விமானப்படையின் படகுகளிலும் தரை வண்டிகளிலும் இதே சோடியை ஏற்றினார்கள். ஆகவே விமானத்தளம் ஒன்றின் லொறிக்குள் இந்தப் பெட்டி ஏறியிருக்கக்கூடியதே, பழுது பார்க்கக் கொண்டுபோகும் சாமானாகவென்றாலும். நான் தேடிய நியாயம் அது: வண்டியின் உறுப்பாக அல்ல, வண்டி சுமந்த சாமானாக.

பத்து வால்வு. 75 கிலோஹேர்ட்ஸ் தொடக்கம் 18.5 மெகாஹேர்ட்ஸ் வரை ஐந்து பிரிவு. சுருதி சேரும்போது சுருங்கிக் காட்டும் பச்சைக் கண். தனக்கென்று மின்வழங்கி இல்லை. ஸ்பீக்கரை ஓட்டும் வால்வும் இல்லை, ஹெட்போன்தான். போருக்குப் பிறகு மலிவாக விற்றபோது வாங்கியவர்கள் அந்தக் குறைகளை நிரப்புவதற்காக உள்ளே இருந்த திசையறியும் சுற்றைப் பிடுங்கி எறிந்தார்கள். அதனால் முழுசாகக் கிடைப்பது அரிது. சில அலுமினியப் பெட்டியில் வந்தவை, சில இரும்புப் பெட்டியில். எங்கள் உப்புக் காற்றுக்கு அலுமினியம்.

மாசி 14

விமானமும் ரேடியோவும் இலங்கைக்கு என்ன செய்தன என்பதை லொறி பார்க்க வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1942 ஏப்ரல் 4. கொக்கலையிலிருந்து புறப்பட்ட கற்றலீனா விமானத்தில் கனடியர் லியோனார்ட் பேர்ச்சோல் தெற்குக் கடலில் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டார். சுட்டு வீழ்த்தப்பட முன்னம் அவருடைய விமானத்திலிருந்து செய்தி போய்விட்டது. அடுத்த நாள், ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு விழுந்தபோது தீவு முன்னெச்சரிக்கை பெற்றிருந்தது.

மாசி 25

பெட்டி வந்து சேர்ந்தது, லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் மூலம். திசையறியும் சுற்று அப்படியே இருக்கிறது! உடனே மின்சாரம் கொடுக்கவில்லை. மெழுகு பூசிய காகிதக் கப்பாசிற்றர்கள் எல்லாம் ஈரம் குடித்திருந்தன. அவற்றின் கூட்டை வைத்துக்கொண்டு உள்ளே புதியவற்றைப் பொருத்தினேன், வெளித்தோற்றம் மாறாமல். றப்பர் உறை உதிர்ந்த கம்பிகளை மாற்றினேன். பிறகு தொடரில் ஒரு பல்ப் போட்டு மெல்ல மெல்ல மின்னழுத்தம் ஏற்றினேன்.

பங்குனி 3

ராத்திரி மத்திய அலையில் 936 கிலோஹேர்ட்ஸில் திருச்சி வானொலி விழுந்தது, ஹெட்போனில் தெளிவாக. திருச்சி நிலையம் 1939 மே 16இல் தொடங்கியது. கொழும்பு வானொலி 1925இலிருந்து இருக்கிறது. 1944இல் கொழும்பிலிருந்து படையினருக்கென்று ரேடியோ சியாக் ஒலித்தது. பின்னாளில் அதன் கருவிகள்தான் இலங்கை வானொலியை ஆசியா முழுக்கக் கொண்டுபோயின. ஆக, அன்றைக்குப் பலாலியில் இந்தப் பெட்டியைத் திருப்பிய ஒருவன் தமிழும் கேட்டிருக்கலாம்.

மருமகன் ஹெட்போனைக் கழற்றவே இல்லை. பற்றரி இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் சுற்றி இதே ஊரில் பி.பி.சி. தமிழோசை கேட்டதை அவனுக்குச் சொன்னேன். அவன் பிறக்க முன்னம் நடந்தது.

பங்குனி 5

தீர்மானம். லொறியில் ஒரு ஓட்டையும் துளைப்பதில்லை. பின்தட்டில் கழற்றக்கூடிய மர வாங்கு, அதில் ஆர்1155, பக்கத்தில் அதற்கெனத் தனிப் பற்றரி. ஏரியலுக்கு, நிறுத்திவைக்கும் இடத்தில் மட்டும் மரத்தில் கட்டும் கம்பி. ஓடும்போது ரேடியோ படங்கால் மூடியிருக்கும். முன்னால் ஒரு அட்டை: “இது சாமான் லொறி. இதில் ரேடியோ பொருத்தப்பட்டிருக்கவில்லை. இந்தக் கருவி அதே காலத்து விமானப்படைக் கருவி.” மருமகன் சம்மதித்துவிட்டான்.

வடமராட்சியில் எத்தனையோ வீடுகளில் பழைய பெட்டிகள் பரணில் கிடக்கின்றன. பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுக்க முன்னம் பின்பக்கத் தகட்டை ஒருமுறை துடைத்துப் பாருங்கோ. அம்புக்குறியோ முடியோ இருந்தால் கழற்றாதேங்கோ, உள்ளே ஒன்றையும் பிடுங்காதேங்கோ, மின்சாரம் கொடுத்துப் பார்க்காதேங்கோ. தெரிந்த ஒருவரிடம் முதலில் காட்டுங்கோ.