வலைக்கு உதவாத ஈயம்

திருநெல்வேலியில் நாங்கள் மூன்று பேர் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறோம். மூவரும் கலைப்பீடம். பரீட்சைக்கு முந்தின இரவில் படிப்பைத் தவிர மற்ற எல்லாமே சுவாரசியமாகத்தான் இருக்கும். அப்படியான ஓர் இரவில், எங்களுக்குள் கௌபோய்ப் படப் பைத்தியமான ஒருவன், அமெரிக்கக் கிழவர் ஒருவர் தன் வளவுக் கொட்டிலுக்குள் இருந்து துவக்குச் சன்னம் வார்க்கிற வீடியோ ஒன்றைப் போட்டான். முக்கால் மணித்தியாலம். அடுத்த நாள் சோதனையை மறந்து பார்த்து முடித்தோம்.

அவருடைய துவக்கு, படங்களில் குதிரைக்காரன் வைத்திருக்கிற அதே வகை. விசையைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் வெற்றுக் கோது வெளியே பாயும், அடுத்த ரவை உள்ளே ஏறும். வின்செஸ்டர் கம்பனியின் 1873, 1894 மாதிரிகள் பேர்போனவை. கென்னத் அண்டர்சன் சேலம் பக்கத்துக் காடுகளில் ஆட்கொல்லிகளுக்குப் பின்னால் திரிந்ததும் இந்த இனத்து 1895 மாதிரி ஒன்றோடுதான்.

கிழவர் வார்க்கிற சன்னத்துக்கு மூக்கு தட்டை. ஏன் என்று முதலில் விளங்கவில்லை. இந்தத் துவக்குகள் பலவற்றில் குழலுக்குக் கீழே இன்னொரு குழாய் இருக்கும். ரவைகள் அதற்குள் ஒன்றின் பின்னால் ஒன்றாகப் படுத்திருக்கும். மூக்குக் கூராக இருந்தால் அது முன்னுக்கு இருக்கிற ரவையின் அடியில் உள்ள வெடிமருந்துப் பொட்டில் முட்டும். சுடும்போது வருகிற உதைப்பில் அது வெடித்தாலும் வெடிக்கும், அதுவும் சுடுகிறவனின் கைக்குள்ளேயே. (அண்டர்சனுக்கு இந்தப் பயம் இல்லை. 1895 மாதிரியில் குழாய்க்குப் பதில் பெட்டி.)

குறி தப்பாமல் சுடுவது கண்ணிலும் கையிலும் இருக்கிற வித்தை என்றுதான் நினைத்திருந்தோம். பாதிக் குறி ஈயச் சட்டியிலேயே முடிவாகிவிடுகிறது. ஈயம் 327 பாகையில் உருகும். தனி ஈயம் அச்சின் மூலைமுடுக்குக்குள் ஒழுங்காக ஓடாது, அதற்குக் கொஞ்சம் வெள்ளீயம் சேர்க்க வேணும். வேகமாகப் போகிற சன்னத்துக்கு மென்மையும் ஆகாது, அதற்கு அந்திமனி. சன்னம் குழலின் உள்விட்டத்தைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு தடிப்பாக இருக்க வேணும். தலைமயிரைவிட மெல்லிய வித்தியாசம். இந்தத் தடிப்புக் காணாவிட்டால் சூடான வாயு பக்கத்தால் பீறிப் போய் ஈயத்தை உருக்கிக் குழலின் தவாளிப்புகளில் அப்பிவிடும். பிறகு அந்தத் துவக்கு எங்கே சுடும் என்று அதற்கே தெரியாது. உள்ளே ஒரு காற்றுக் குமிழ் நின்றாலும் பிழை: சன்னம் சுழன்றுகொண்டு போவதால், பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் பாதையும் சாயும். அதனால்தான் கிழவர் ஒவ்வொன்றையும் தராசில் வைக்கிறார்.

அடுத்த ஞாயிறு குருநகருக்குப் போனோம். எங்களில் ஒருவனின் அம்மப்பா அங்கே. கடலுக்குப் போறதை விட்டு இப்போது வீட்டில் இருந்து வலை பொத்துகிறார். தன் வீச்சுவலைகளுக்குத் தானே ஈயமும் வார்ப்பார். சிரட்டை நெருப்பு, கரிபிடித்த இரும்புச் சட்டி, இரண்டாகப் பிரிகிற அச்சு. அந்த வீடியோவை அவருக்குக் காட்டினால் என்ன என்று யார் கேட்டது என்று ஞாபகம் இல்லை. போனைக் கையில் வாங்கி, கண்ணுக்கு எட்டப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

முதல் சன்னங்கள் அச்சிலிருந்து விழுந்த உடனே, "அச்சு சூடு காணாது," என்றார். தோல் சுருங்கினதுபோல வந்திருந்தன. கொஞ்ச நேரத்தில் அமெரிக்கக் கிழவரும் அதையே சொல்லி, எல்லாவற்றையும் திரும்பச் சட்டிக்குள் போட்டார். மெழுகுதிரித் துண்டு ஒன்றை உருகின ஈயத்துக்குள் போட்டுக் கிண்டினபோது அம்மப்பா தலையை ஆட்டினார். அவரும் அதைத்தான் செய்கிறவர். அழுக்கு மேலே வந்துவிடும். கிழவர் தண்ணீர்ப் போத்தலைத் தூர எடுத்து வைத்ததும் அவருக்குப் பிடித்துக்கொண்டது. உருகின ஈயத்துக்கு அடியில் ஒரு சொட்டுத் தண்ணி மாட்டினால் காணும், ஆவியாகி ஈயத்தை முகத்துக்கு எறியும். மழைக்கால இருட்டு நாட்களில் அம்மப்பா அடுப்பு மூட்டுவதே இல்லை.

"நல்ல வேலைகாரன்," என்றார். "எதைச் சுடப்போறார்?"

"கடதாசியை."

"என்ன?"

"கடதாசியில வட்டம் கீறி, அம்பது யார் தள்ளி வச்சுச் சுடுவினம், அம்மப்பா. எல்லாம் ஒரே இடத்தில படுதோ எண்டு பாக்க."

சிரித்தார். நிறைய நேரம் சிரித்தார். பிறகு வலது தொடையைத் தட்டிக் காட்டினார். 1987 ஒக்டோபரில் பட்டது, இன்னும் உள்ளே இருக்கிறது. எந்தப் பக்கத்துச் சன்னம் என்று அவருக்குத் தெரியாது. எடுத்தால் நரம்பு பழுதாகும் என்று விட்டுவிட்டார்களாம். மூட்டுக்குள் நிற்கிற ஈயம் இரத்தத்தில் கசியும். தசைக்குள் என்றால் உடம்பே அதைச் சுற்றி ஒரு கூடு கட்டிவிடும் என்று வாசித்திருந்தோம். அதைச் சொன்னோம். அவர் அதைக் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை.

"எனக்குப் பட்டது எனக்கெண்டு சுட்டதில்லை," என்றார். "உந்த மனிசன் கடதாசிக்கெண்டு வார்த்துக் கடதாசியைச் சுடுறான். பரவாயில்லை."

நாங்கள் இருக்கிற திருநெல்வேலி, 1983 ஜூலை 23க்குப் பிறகு சரித்திரப் புத்தகங்களில் ஏறின பெயர். வளாகத்துக்குள்ளும் 1987 ஒக்டோபரில் சண்டை நடந்தது. ஆனால் எங்கள் மூவருக்கும் சன்னம் என்றால் எங்கிருந்தோ வருகிற ஒரு சாமான். அதை ஒருவர் இருந்து, பார்த்துப் பார்த்து, பிழைத்ததைத் திரும்ப உருக்கிச் செய்கிறார் என்பது அந்த வீடியோவரை எங்களுக்கு உறைக்கவே இல்லை.

அம்மப்பாவுக்கு அது உறைத்தே இருந்திருக்கிறது. சண்டைக்காலத்தில் ஒருமுறை பழைய வலை ஈயத்தைச் சாக்கில் கட்டிச் சைக்கிளில் கொண்டுவந்தாராம். சென்றியில் மறித்தார்கள். 'ஈயக்குண்டு' என்று சொல்ல வாயெடுத்து, 'குண்டு' என்ற சொல்லை விழுங்கி, "ஈயம்" என்று மட்டும் சொன்னார். சிங்களத்திலும் அது 'ஈயம்' தானே, நின்றவனுக்கு உடனே விளங்கிவிட்டது. "விளங்கினபடியாத்தான் பறிச்சவன்," என்றார்.

நாங்கள் வேறொன்றும் கொண்டுபோயிருந்தோம். பூட்டுப்பட்ட ஓர் அச்சகத்தின் கழிவுச் சாமான்களில் கிடைத்த ஈய எழுத்துகள். எங்கள் மேசையில் ஒரு பால்மாப் பேணிக்குள் கிடந்தவை. 1841இல் உதயதாரகை வந்த காலம் தொட்டு இந்தக் குடாநாடு எழுத்துக் கோத்த இடம். 1981இல் நூலகம் எரிந்த நாட்களில் ஈழநாடு அலுவலகமும் எரிந்தது. புத்தகம் சாம்பலாகும், ஈய எழுத்து சாம்பலாகாது, உருகும். உருகினால் அது எதுவாகவும் ஆகலாம். 1776இல் நியூயோர்க்கில் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் ஈயச் சிலையை இழுத்து விழுத்தி 42,088 ரவைகள் ஆக்கினதாகக் கணக்கு இருக்கிறது.

அம்மப்பாவுக்குப் பயன்படும் என்றுதான் பேணியைக் கொண்டுபோனோம். அவர் 'ழ' ஒன்றை எடுத்து நகத்தால் கீறினார். கீறு விழவில்லை. குறட்டால் நெரித்தார். முறிந்தது.

"இது வலைக்கு உதவாது."

வலை ஈயம் கயிற்றைச் சுற்றி மடிய வேணும். எழுத்து மடியாது, அந்திமனி கூடினது. ஆனால் சன்னம் வார்க்கிறவர்களுக்கு இது தேடி வாங்குகிற சாமான். பழைய அச்சகங்களின் லைனோடைப் ஈயத்தில் நூற்றுக்கு 12 அந்திமனி, 4 வெள்ளீயம், மிச்சம் ஈயம். அதைத் தனி ஈயத்தோடு கலந்தால் சன்னத்துக்கு வேண்டிய இறுக்கம் வந்துவிடும். கலைப்பீடத்துக்காரர் நாங்கள், எழுத்து வலைக்குக் கிட்டவாக இருக்கும் என்று ஏனோ நம்பிக்கொண்டு வந்திருந்தோம். முறிந்த 'ழ'வைத் திரும்பப் பேணிக்குள் போட்டோம்.

அதற்குள் அம்மம்மா தேத்தண்ணி ஊற்றிவிட்டா. ஆனால் கோப்பைகளை எங்களிடம் தரவில்லை. கிணற்றடியைக் காட்டினா. ஈயம் தொட்ட கையை இரண்டு முறை சவுக்காரம் போட்டுக் கழுவாமல் அந்த வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் கிடையாது. அம்மப்பாதான் முதலில் எழும்பிப் போனார், அந்தக் காலை மெல்ல இழுத்துக்கொண்டு.