சத்தம் மாறுச்சே, கேக்கலையா சார்?

1/ என் கிளினிக் மேசை மேல ஒரு ஜாண் உயரத்துல ஒரு கல் இருக்கு. வளைஞ்சு நெளிஞ்சு, நடுவுல ஒரு ஓட்டை. வர்றவங்க "இது என்ன சார்?"னு கேப்பாங்க. ஒருத்தர் கிட்னின்னார். ஒரு குழந்தை யானைக் காதுன்னு சொல்லுச்சு. ரெண்டும் இல்ல. எந்த உருவமும் இல்லாம நானே உளி பிடிச்சு செதுக்கினது. அது ஏன் அங்க இருக்குன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட்.

2/ சில வருஷங்களுக்கு முன்னாடி, மாமல்லபுரம் பக்கத்துல கல் சிற்பம் செய்யுற ஒருத்தர் வந்தார். வயசு நாற்பதுகளின் கடைசி. (அவர் அனுமதியோடதான் எழுதுறேன். அடையாளங்களை மாத்தியிருக்கேன்.) நாள்பட்ட இருமல், மாடி ஏறினா மூச்சு வாங்குது. எக்ஸ்ரேல ரெண்டு நுரையீரல்லயும் மேல்பக்கம் புள்ளி புள்ளியா இருந்துச்சு. சளிப் பரிசோதனைல கிருமி இல்ல. இருந்தாலும் காசநோய்னு முடிவு பண்ணி மாத்திரை ஆரம்பிச்சேன்.

3/ ரெண்டு மாசம் ஆச்சு, முன்னேற்றமே இல்ல. கூட வந்த அவர் மனைவிதான் தயங்கித் தயங்கிக் கேட்டாங்க: "கல்லு தூசியால இருக்குமா சார்?" ஓபி சீட்டை எடுத்துப் பாத்தேன். தொழில்ங்கற இடத்துல 'கூலி'ன்னு இருந்துச்சு. எழுதினது நான்தான். என்ன கூலின்னு நான் கேக்கவே இல்ல.

4/ சிடி எடுத்தோம், நுரையீரல் நிபுணர்கிட்டயும் அனுப்பினேன். சிலிகோசிஸ். கருங்கல்லை அறுக்கும்போது பறக்கிற தூசியில சிலிக்கா இருக்கு. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய துகள்கள் நுரையீரலோட கடைசி அறை வரைக்கும் போய்த் தழும்பாக்கிடும். ஒருமுறை விழுந்த தழும்பு மறையாது. எக்ஸ்ரேல காசநோய் மாதிரியே தெரியும். போதாததுக்கு, சிலிகோசிஸ் உள்ளவங்களுக்குக் காசநோய் வர்ற வாய்ப்பும் அதிகம்.

5/ நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோவப்படல. "ஒருநாள் பட்டறைக்கு வாங்க சார். பாத்தா உங்களுக்கே புரியும்"னார். போனேன். அப்புறம் நிறைய ஞாயித்துக்கிழமை போனேன்.

6/ அவர் தாத்தா காலத்துல எல்லாமே உளியும் சுத்தியலும்தான். சில்லு சில்லா தெறிக்கும், கீழ விழுந்துடும். கிரைண்டர் வந்த பிறகு ஒரு வாரத்து வேலை ஒரு நாள்ல முடியுது. ஆனா அது கல்லை மாவா அரைச்சுக் காத்துல நிறுத்துது. மூக்குல கட்டுற துண்டு அந்த மாவைத் தடுக்காது.

7/ "சும்மா பாத்துட்டே இருக்காதீங்க"ன்னு ஒரு மாக்கல் துண்டைக் கையில குடுத்தார். பிள்ளையார் செய்யலாமான்னு கேட்டேன். சிரிச்சார். "சாமிக்குத் தாள அளவு இருக்கு சார், படிக்க வருஷமாகும். நீங்க ஒரு வளைவு போடுங்க. கண்ண மூடித் தடவினா கை எங்கயும் இடறக்கூடாது. அது போதும்." மாக்கல் மெதுவான கல்தான். ஆனா அதோட தூசும் நல்லதில்ல. அதனால கல்லை நனைச்சு நனைச்சுத்தான் செதுக்கினேன், என்95 மாஸ்க்கும் போட்டுக்கிட்டேன்.

8/ மூணாவது மாசம் ஒரு ஓரம் 'டப்'புன்னு உடைஞ்சு விழுந்துச்சு. அவர் கேட்டது ஒண்ணுதான்: "சத்தம் மாறுச்சே, கேக்கலையா சார்?" நல்ல கல் கணீர்னு சொல்லும். உள்ள விரிசல் இருந்தா சத்தம் மொத்தையா வரும். சிற்பிங்க கல்லைத் தட்டிப் பாத்துத்தான் எடுக்கவே செய்வாங்க.

9/ எனக்குச் சுருக்குன்னுச்சு. நாங்களும் நெஞ்சைத் தட்டித்தானே பாக்கிறோம்? 1761ல அந்த முறையைப் புத்தகமா எழுதின ஆஸ்திரிய மருத்துவர் ஆவன்ப்ரூக்கர், ஒரு விடுதிக்காரரோட மகன். அப்பா பீப்பாயைத் தட்டி எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாக்கிறதைக் கவனிச்சவர்னு சொல்வாங்க. தட்டத் தெரிஞ்ச நான், 'கூலி'ங்கற வார்த்தையைத் தட்டிப் பாக்கல.

10/ "உடைஞ்சதை ஒட்டாதீங்க, அதையே வளைவாக்குங்க"ன்னார். அந்த இடத்துலதான் இப்ப அந்த ஓட்டை இருக்கு. அரம் போட்டு, தண்ணி தொட்டு வாட்டர் பேப்பர் தேய்ச்சு முடிக்க மேலும் நாலு மாசம் ஆச்சு.

11/ அவர் இப்ப கிரைண்டரைத் தொடுறதில்ல. வரையறது, அளவு போடுறது, கடைசி உளி வேலை மட்டும், அதுவும் கல்லை நனைச்சு. நோய் குணமாகல. வேகம் குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். பட்டறைப் பசங்க சிலர் மாஸ்க் போடுறாங்க, சிலர் இன்னும் துண்டுதான்.

12/ உங்க வீட்டுல யாராவது சிற்பம், கல் குவாரி, கிரானைட், டைல்ஸ் வெட்டுறது, மணல் வீச்சு வேலைல இருந்தா:
• தண்ணி விட்டு அறுக்கிற மெஷினையே பயன்படுத்துங்க. சாதாரண கிரைண்டர்ல தண்ணி ஊத்தாதீங்க, ஷாக் அடிக்கும்.
• துண்டு போதாது, என்95ஆவது வேணும்.
• வேலைத் துணியோட வீட்டுக்குள்ள வந்து குழந்தையைத் தூக்காதீங்க.
• இருமல்னு டாக்டர்கிட்ட போனா, என்ன வேலை, எத்தனை வருஷம்னு சொல்லுங்க. அவர் கேக்கலைன்னாலும் சொல்லுங்க.

13/ நான் இப்ப ஓபி சீட்டுல 'கூலி'ன்னு எழுதுறதில்ல. கை அந்தப் பக்கம் போனா, எதிர்ல அந்தக் கல் இருக்கு.