தேறலும் தேயிலையும்

மேனாட்டார் திராட்சை மதுவைப் பற்றி எழுதும் நூல்களை நாம் பல்கலைக்கழக நாட்களிலிருந்தே ஒருவித வியப்போடு படித்து வந்திருக்கின்றோம். வியப்பு மதுவின்மேல் அன்று. ஒரு மிடறு பானத்தை நாவில் வைத்துக்கொண்டு, இது எந்தச் சரிவில் விளைந்தது, அந்த ஆண்டு மழை முந்தியதா பிந்தியதா, மண்ணில் சுண்ணாம்பு மிகுதியா என்றெல்லாம் அவர்கள் பேசுகின்றார்களே, நாவினால் நிலத்தைப் படிக்கின்றார்களே, அதன்மேல்தான். பிரான்சு நாட்டில் மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில், 1855ஆம் ஆண்டு, போர்தோப் பிரதேசத்து மதுவகைகளைத் தரம் பிரித்து எழுதிய பட்டியல் பெரிய மாற்றமின்றி இன்றும் வழங்குகிறது. குப்பியின்மேல் ஊரின் பெயர் இருக்கும். தோட்டத்தின் பெயர் இருக்கும். பழம் பறித்த ஆண்டும் இருக்கும்.

பாரிஸ் நகரில் உணவகமொன்றின் சமையலறையில் உழைக்கும் யாழ்ப்பாணத்துத் தோழர் ஒருவர், எம்மோடு பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவர், விடுமுறையில் வந்திருந்தபோது சொன்னார்: “மாசத்துக்கு ஒரு புது வைன் வாங்கிப் பாப்பன் மச்சான். தனியக் குடிச்சா ஒண்டும் விளங்காது. நாலு பேர் இருந்து குடிச்சுக் கதைச்சாத்தான் என்ன குடிச்சம் எண்டு தெரியும்.”

இந்தச் சொல் எம் மனத்தில் தங்கிவிட்டது. ஏனெனில் நாம் வாழ்வதும் கற்பிப்பதும் அக்கரப்பத்தனையில். மதுவைப் பற்றி மேனாட்டார் பேசும் பேச்சுக்கு ஈடான பேச்சு இங்கு விளையும் பொருளைப் பற்றியும் உலகில் உண்டு. ஆயின் அது கொழும்பில் நடைபெறுகிறது, இலண்டனில் நடைபெறுகிறது, தோக்கியோவில் நடைபெறுகிறது. இங்கு நடைபெறுவதில்லை.

நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைகளில் விளைவதை உயர்நிலத் தேயிலை என்பர். அக்கரப்பத்தனைத் தேயிலை அவ்வகையினது. டிம்புள்ளப் பிரதேசத்தைச் சேர்ந்தது. கிளாஸ்கோ, பல்மோரல் என்று ஸ்கொத்லாந்தின் பெயர்கள் எமது மாணவரின் பிறப்புச் சான்றிதழ்களிலே காணப்படுகின்றன. ஜேம்ஸ் டெயிலர் என்பார் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்ததும், 1873இல் 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்குச் சென்றதும், 1883இல் கொழும்பில் ஏலம் தொடங்கியதும் வாசகர் அறிந்தவையே. அவற்றை இங்கு விரிக்கப் போவதில்லை. எம்மை உறுத்தும் விஷயம் வேறு. நூற்றைம்பது ஆண்டுகளாக இதனைப் பறித்தும் வாட்டியும் அரைத்தும் வரும் மக்கள் இதன் சுவையை அறியமாட்டார்கள்.

அறியமாட்டார்கள் என்றால் தேநீர் அருந்துவதில்லை என்பதன்று. லயங்களில் விடியற்காலை எரியும் அடுப்பு தேத்தண்ணிக்காகத்தான் எரிகிறது. தோட்டத்திலிருந்து மாதந்தோறும் கிடைக்கும் தூள், சல்லடைகளில் நல்ல தரங்கள் யாவும் பிரிந்து போனபின் எஞ்சிய தூள். இவ்விடத்தில் ஒரு விளக்கம் வேண்டும். ‘டஸ்ட்’ என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தே இகழ்ந்துவிடக் கூடாது. முதல் தரமான டஸ்ட் ஏலத்தில் நல்ல விலைக்குப் போகும். நாம் சொல்வது அதற்கும் கீழே கிடப்பதை. அதற்குச் சாயம் உண்டு, கசப்பு உண்டு, மணம் இல்லை. கொதிக்கவிட்டுச் சீனியைக் கொட்டினால்தான் தொண்டையில் இறங்கும். எமது பிள்ளைகள் தேநீரின் சுவை என்று அறிந்திருப்பது பெரும்பாலும் சீனியின் சுவையையே.

இதற்கு மது உலகிலேயே ஓர் ஒப்புமை உண்டு. தென்னாபிரிக்காவின் கேப் பிரதேசத்துத் திராட்சைத் தோட்டங்களில், தொழிலாளரின் கூலியில் ஒரு பகுதியை மட்டமான மதுவாகக் கொடுக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்தது. ‘டொப்’ முறை என்று அதனைச் சொல்வர். நல்ல மது குப்பியில் அடைபட்டுக் கப்பலேறும். கழிவு மது உழைத்தவனின் குவளைக்கு வரும். சட்டம் தடுத்த பின்னரும் இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை அது ஆங்காங்கே நீடித்தது. பல குடும்பங்களைக் குடிநோயில் வீழ்த்தியது. தேயிலைத் தூள் எவரையும் குடிகாரராக்குவதில்லை. அந்த வேலையைத் தோட்டத்தை ஒட்டிய சாராயக் கடைகள் பார்த்துக்கொள்கின்றன. ஆனாலும் நல்லது வெளியே, கழிவு உள்ளே என்னும் விதி இரண்டுக்கும் ஒன்றுதான்.

நல்லது என்பது எவ்வாறு உண்டாகிறது என்பதைச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும். விஷயத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. தைமுதல் பங்குனிவரை வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கிழக்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு, எமது மேற்குப் பக்கத்திற்கு வறண்ட குளிர்காற்றாக வந்து சேரும். பகலில் தெளிந்த வெயில், இரவில் கடுங்குளிர். சில விடியல்களில் உறைபனி விழுந்து தாழ்ந்த மலைகளின் கொழுந்தைக் கருக்கிவிடும். செடி தண்ணீருக்கு ஏங்குகிறது, வளர்ச்சி மந்தமாகிறது, குருத்து மெல்ல விரிகிறது. அந்த மெதுவான வளர்ச்சியிலேதான் மணத்துக்குரிய பொருள்கள் இலையில் செறிகின்றன. ஜனவரி முதல் மார்ச் வரையான இந்தக் காலத்தையே டிம்புள்ளத் தேயிலையின் சிறப்புப் பருவம் என்று வியாபாரிகள் குறித்து வைத்துள்ளனர். ஊவாவிற்கு அது ஜூலை முதல் செப்டெம்பர் வரை. அங்கே காற்றின் கணக்கு தலைகீழானது.

செடி மெல்ல வளர்ந்தால் கூடை மெல்ல நிறையும். மழைக்காலத்தில் நண்பகலுக்குள் நிறையும் கூடை, மாசி மாதத்தில் மாலைவரை நின்றாலும் நிறைவதில்லை. நாளொன்றுக்கு 18 கிலோ பறிக்க வேண்டும் என்று ஒரு தோட்டத்தில் விதித்தால், பன்னிரண்டு கிலோவோடு மடுவத்திற்கு வரும் பெண்ணுக்கு அரைப் பேர்தான் விழும். சில தோட்டங்களில் பருவம் பார்த்து நிறையைக் குறைப்பார்கள். சிலவற்றில் அதற்கும் சண்டை பிடிக்க வேண்டும். ஆக, இலை மிகச் சிறந்ததாக இருக்கும் அதே வாரங்களில் பறிப்பவளின் கூலி மிக மெலிந்ததாக இருக்கிறது. ஏலத்தில் அந்த வாரத்துத் தேயிலையின் மணத்துக்குத் தனி விலை உண்டு. மடுவத்துத் தராசுக்கு மணம் தெரியாது. கணித பாடத்தில் எமது சக ஆசிரியர் ஒருவர் இதனையே ஒரு கணக்காகக் கொடுத்தார். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகும். 18 கிலோ நான்கு கிலோவாகும். கோப்பைக்கு இரண்டு கிராம் என்றால் 2000 கோப்பை. ஒருத்தியின் ஒருநாள் உழைப்பு இரண்டாயிரம் பேரின் காலைப்பொழுது. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆயிற்று. 2024இல் 1350 ஆயிற்று. கோப்பைக்கு எவ்வளவு என்பதைப் பிள்ளைகள் தாமே வகுத்துக் கண்டார்கள். வகுப்பு சிறிது நேரம் அமைதியாயிருந்ததாம்.

நாமும் இரு தோழர்களும் வெள்ளிக்கிழமை மாலைகளில் தேயிலை பார்க்கத் தொடங்கியது இந்தப் பின்னணியில்தான். ஓய்வுபெற்ற டீமேக்கர் ஒருவர் எமக்கு ஆசானாக வாய்த்தார். வெள்ளைப் பீங்கான் கோப்பை வேண்டும், நூறு மில்லிலீற்றர் நீருக்கு இரண்டு கிராம் இலை, ஆறு நிமிடம், பாலும் சீனியும் கூடாது. முதலில் உலர்ந்த இலையைப் பார்க்க வேண்டும். பின் வெந்த இலையை முகர வேண்டும். கடைசியில்தான் நீரை, அதுவும் கரண்டியால், ஓசை எழ உறிஞ்ச வேண்டும். காற்றோடு சேர்ந்து போனால்தான் மணம் மூக்கின் பின்புறத்தை அடையும் என்றார். மரியாதையாக அருந்திப் பழகிய எமக்கு முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. “சத்தம் போட்டுக் குடிங்க சேர், இங்க துரை யாரும் இல்ல” என்றார். விஞ்ஞான ஆசிரியர், இந்த உயரத்தில் நீர் 95 பாகையளவிலேயே கொதித்துவிடும் ஆதலால் கேத்தலை இறக்கிய கணமே ஊற்ற வேண்டும் என்று தம் பங்கைச் சேர்த்தார்.

எமது ஊர்த் தேயிலையைத் தனியே பெறுவதே பெரும்பாடாக இருந்தது. ஏலம் முடியும்வரை தேயிலைக்குத் தோட்டத்தின் பெயர் உண்டு. பின்னர் பத்துத் தோட்டத்து இலையோடு கலந்து, ஏதோ ஒரு வியாபாரப் பெயரில் பெட்டிக்குள் போய்விடும். ஒரு தோட்டத்தின் பெயரையே பொறித்த தகரப் பேணி ஒன்றை முதன்முதலில் நாம் கண்டது கொழும்பிலே. அச்சிறு பேணியின் விலை ஒரு நாட்சம்பளத்தைத் தாண்டியிருந்தது.

பின்னர் வழி பிறந்தது. ஹப்புத்தளையில் கற்பிக்கும் நண்பர் ஆகஸ்டு மாதத்து ஊவாத் தேயிலையை அனுப்பினார். அன்றைய தினம் சாதாரணதர வகுப்பு மாணவர் சிலரையும் அழைத்திருந்தோம். ஒரு பையன் முகர்ந்துவிட்டு, “சேர், இது கோடாலித் தைலம் மாதிரி மணக்குது” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். டீமேக்கர் ஐயா சிரிக்கவில்லை. அவன் சொன்னதுதான் சரி என்றார். உண்மையும் அதுவே: ஊவாத் தேயிலையின் புகழ்பெற்ற மணத்தில் பெரும்பங்கு மெதைல் சலிசிலேற்று என்னும் பொருளுடையது, தைலத்தில் இருப்பதும் அதுவே. ஏலக்காரர் நல்ல விலை கொடுப்பது அந்தத் தைல மணத்துக்குத்தான் என்று அறிந்தபோது பையனின் முகத்தில் தோன்றிய ஒளியை நாம் விவரிக்க முற்படவில்லை.

அன்றிலிருந்து ஒரு கொப்பி வைத்திருக்கிறார்கள். நுவரெலியாத் தேயிலையின் வெளிறிய பொன்னிற நீருக்கு ‘மழை விட்ட வெயில்’ என்று ஒரு மாணவி எழுதியிருக்கிறாள். தென்னிலங்கைத் தாழ்நிலத் தேயிலை கருமையும் திண்மையும் உடையது. அதற்குக் ‘கருப்பட்டி காய்ச்சும் சட்டி’ என்று ஒருவன் எழுதினான். எமது மாசிக் கொழுந்துக்கு இன்னும் சொல் அகப்படவில்லை. ஆங்கிலச் சுவைஞர் கலைச்சொற்களை மொழிபெயர்த்துத் தரலாமே என்றார் ஒருவர். நாம் உடன்படவில்லை. துவர்ப்பு என்றொரு சுவையை அறுசுவையில் ஒன்றாக எண்ணிய மொழிக்குத் தேயிலையைப் பற்றிப் பேசக் கடன் வாங்க வேண்டிய தேவை இல்லை.

தொழிற்சங்கத் தோழர் ஒருவர் எம்மைக் கடிந்துகொண்டார். வயிற்றுக்கே காணாத இடத்தில் நாவுக்கு என்ன பயிற்சி, இது துரைமாரின் பொழுதுபோக்கு அல்லவா என்றார். கோபத்தில் நியாயம் இருந்தது. எனினும் ரசனையைத் துரைமாரின் உடைமை என்று ஒப்புக்கொள்வது அவர்களுக்கு இன்னுமொரு தோட்டத்தை எழுதிக் கொடுப்பதாகும் என்பது எமது கருத்து. புறநானூற்றின் 235ஆம் பாட்டில், இறந்துபட்ட அதியமானை நினைந்து அழும் ஔவையார் எதனை முதலில் சொல்கிறார்? அவன் வென்ற போர்களை அல்ல. கள் கொஞ்சமாகக் கிடைத்த நாளில் அதைப் பாடுவோர்க்கே தந்துவிட்ட கையை. நிறையக் கிடைத்த நாளில் அவர்கள் பாட, உடனிருந்து மகிழ்ந்து பருகியதை. சுவையும் பகிர்வும் எமது மரபில் பிரிந்து கிடக்கவில்லை. தன் இலை என்ன மதிப்புடையது என்று அறிந்தவள் நிறைக்காகப் பேசும் பேச்சுக்கும், அறியாதவள் பேசும் பேச்சுக்கும் வேறுபாடு உண்டு என்றோம். தோழர் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் இரண்டு கோப்பை குடித்தார்.

நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்ந்த ஒரு மாணவியின் அம்மாயி ஒரு மாலை வந்திருந்தார். பெப்ரவரி மாதத்து எமது தேயிலையை ஊற்றிக் கொடுத்தோம். நெடுநேரம் முகர்ந்தார்.

“இது மாசி மாசத்து வாசம். ராவுல ஸ்டோருப் பக்கமா நடந்தா இதுதான் வரும். மூக்குக்குத் தெரியும் சேர். வாய்க்கு இன்னைக்குத்தான்.”

சிறிது அருந்திவிட்டு, “சீனி இல்லாம எப்படித்தான் குடிக்கிறீங்களோ” என்றும் சொன்னார். கொப்பியில் இரண்டையும் எழுதச் சொன்னோம்.

இவ்வாண்டு தெனியாயவில் உள்ள சிங்கள ஆசிரியர் ஒருவருடன் பண்டமாற்று ஏற்பட்டிருக்கிறது. நாம் காற்கிலோ மாசித் தேயிலை அனுப்பினோம். பொதியின்மேல் மாணவர் மூன்று மொழிகளிலும் ஒரு சீட்டு எழுதி ஒட்டினார்கள்: தோட்டத்தின் பெயர், மாதம், அக்கிழமை விழுந்த உறைபனி, அன்று ஒருவர் பறித்த சராசரி நிறை. விலை எழுதவில்லை. இரு வாரங்களில் அங்குள்ள மாணவரின் மறுமொழி வந்தது. சிங்களத்தில் துவர்ப்பைக் ‘கஹட்ட’ என்பர். வெறுந் தேநீருக்கும் அதுவே பெயர். உங்கள் தேயிலையில் கஹட்ட குறைவு, மணம் அதிகம், பனி விழுந்தால் பறிப்பவர்கள் கைக்கு என்ன செய்வார்கள் என்று கேட்டிருந்தார்கள். பதிலை அம்மாயியிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். அடுத்ததாக ஹேவாஹெட்டப் பக்கத்து நடுநிலத் தேயிலை, அந்த டெயிலரின் மலையில் விளைவது, கொஞ்சம் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கின்றோம்.