ஒரே ஒரு எழுத்து

எங்கள் தெருமுனைப் பலகையில் 'நகராட்சி' என்பதற்கு முன்னால் ஒரு 'மா' சேர்த்திருந்தார்கள். புது எழுத்தின் நீலம் பழைய நீலத்தோடு ஒட்டவேயில்லை. 2024 ஆகஸ்டில் திருவண்ணாமலை மாநகராட்சி ஆனது. நகராட்சித் தலைவராக இருந்த நிர்மலா வேல்மாறன் முதல் மேயரானார்.

அம்மாவிடம் சொன்னேன். பூ கட்டிக்கொண்டே, "மேயருக்கு நான் எப்போடி ஓட்டு போட்டேன்?" என்றாள்.

"நாம போடறதில்லம்மா. கவுன்சிலருங்கதான் போடுவாங்க."

"அதுக்கு முந்தின எலெக்‌ஷன்ல தலைவருக்குன்னு தனியா போட்டேனே?"

2011ஐச் சொல்கிறாள். சரிதான், போட்டாள். இடையில் நடந்ததைச் சொல்ல எனக்கு ஸ்டாலினிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. 1996ல் மக்கள் நேரடியாக ஓட்டுப்போட்டுச் சென்னைக்குத் தேர்ந்தெடுத்த முதல் மேயர் அவர். மேம்பாலங்கள், சிங்காரச் சென்னை எல்லாம் அப்போதுதான். 2001ல் மறுபடியும் ஜெயித்தார். மறு வருஷம், ஒருவருக்கு இரண்டு பதவி கூடாதென்று அதிமுக அரசு சட்டம் கொண்டுவந்தது. அவர் ஆயிரம் விளக்கு எம்.எல்.ஏ.வும்கூட. மேயர் பதவி போனது. லட்சக்கணக்கான ஓட்டு, கோட்டையில் ஒரு சட்டம், அவ்வளவுதான்.

எனக்கு உறுத்துவது அடுத்தது. 2006ல் திமுக ஆட்சி, உள்ளாட்சித் துறை அமைச்சர் ஸ்டாலின். அந்த வருஷத் தேர்தலில்தான் மேயரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கும் முறை திரும்பி வந்தது. 2011ல் ஜெயலலிதா ஆட்சியில் நேரடித் தேர்தல். 2019ல் அதே அதிமுக அவசரச் சட்டம் போட்டு அதை நிறுத்தியது. நடுவில் வந்த திருத்தங்களை எண்ணிப் பார்த்துச் சோர்ந்துவிட்டேன். மேயர் ஒரு கட்சி, மன்றம் இன்னொரு கட்சியென்றால் வேலை நடக்காது என்பார்கள். நியாயம்தான். ஆனால் இரண்டு கட்சிக்கும் அந்த நியாயம் தோதான வருஷத்தில் மட்டும் ஞாபகம் வருகிறது.

அம்மாவுக்கு இதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. "தலைவருக்கு நின்ன அம்மா வாசல்ல வந்து கையெடுத்துக் கும்பிட்டாங்க. தெருவுக்குக் கொழா வேணும்னு கேட்டேன். ஒக்காந்து கேட்டுக்கிட்டாங்க. அவங்க தோத்துட்டாங்க, அது வேற. இப்ப யாரு வந்து நிப்பா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அவள் நாரை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"சரி, நம்ம கவுன்சிலர் வூடு எந்தத் தெருவுல இருக்கு?"