ஓரியின் கோட்டை எங்கே, தாத்தா?

என் மகன் குடும்பத்தோடு டெக்சாஸில் இருக்கிறான். போன டிசம்பர் விடுமுறையில் மெக்ஸிகோ போய் மாயன் காலத்து இடிபாடுகளைப் பார்த்துவிட்டு வந்தார்கள். கோடையில் இங்கே வந்தபோதும் பத்து வயதுப் பேத்திக்கு அதே பேச்சுதான். சிச்சென் இட்சா பிரமிடுக்கு நான்கு பக்கமும் 91 படிகளாம்; உச்சி மேடையையும் சேர்த்தால் 365, வருடத்தின் நாள் கணக்கு!

ஒரு நாள் எல்லோருமாகப் புளியஞ்சோலை கிளம்பினோம். உப்பிலியபுரம் தாண்டினால் கொல்லிமலை சுவர் மாதிரி எதிரே நிற்கும். மேலே அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் ஆகாய கங்கையாக விழுகிற ஐயாறுதான் இங்கே பாறைகளுக்கு நடுவே ஓடி வருகிறது. மருமகள் கட்டி வந்த புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு, தண்ணீரில் காலை விட்டபடி பேத்திக்கு வல்வில் ஓரி கதையைச் சொன்னேன். இந்த மலையை ஆண்டவன். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியவன். பாணர்களுக்கு வாரி வழங்கியவன். கடைசியில் மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான்.

"அவன் கோட்டை எங்கே தாத்தா? போய்ப் பார்க்கலாமா?"

செம்மேட்டில் சிலை இருக்கிறது. ஆனால் அது நம் காலத்தில் வைத்தது. ஓரியுடையது என்று காட்ட என்னிடம் ஒரு கல்கூட இல்லை.

"அப்போ நிஜமாவே இருந்தான்னு எப்படித் தெரியும்?"

பாட்டில் இருக்கிறது என்றேன். வன்பரணர் முதலான புலவர்கள் பாடியது ஏட்டில் தங்கியது. உ.வே.சா. ஊர் ஊராக அலைந்து ஏடு தேடி, 1894-ல் புறநானூற்றை அச்சிட்டதால் நமக்குக் கிடைத்தது.

அப்போது மகன் சொன்னான்: "அங்கே நேர்மாறுப்பா. கட்டடம் நிக்குது, புத்தகம் போச்சு." 1562-ல் மானி என்ற ஊரில் தியேகோ தெ லாந்தா என்ற ஸ்பானியப் பாதிரியார் மாயன் நூல்களைத் தீயில் போட்டாராம். இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பவை நான்கே நான்கு. மாயன் மொழிகளைப் பேசுகிறவர்கள் இன்றும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் பழைய எழுத்தைப் படிக்கிற வழக்கம் அற்றுப்போய், கல்லில் வெட்டியதில் பெரும்பகுதியை 20-ஆம் நூற்றாண்டில்தான் ஆராய்ச்சியாளர்கள் மறுபடி படித்தார்கள்.

அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. என் பேத்தி தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்கத் தெரியாது. வீட்டு அலமாரியில் இருக்கும் புறநானூறு அவளுக்கு வெறும் கோடும் சுழியும்தான். கல்லாவது யாரும் பார்க்காவிட்டாலும் காட்டில் கிடக்கும். படிக்க ஆளில்லாத ஏட்டைச் செல்லரித்துவிடும்.

திரும்பும் வழியில் காரிலேயே பேசி முடிவு செய்தோம். ஞாயிறுதோறும் காலையில் அரை மணி நேரம் வீடியோ காலில் வகுப்பு. இப்போது ஏழு வாரம் ஆகிறது. 'ஓரி' என்று தானாகவே எழுதுகிறாள். ரகரத்துக்கும் றகரத்துக்கும் மட்டும் இன்னும் தகராறு!