பயாப்சி என்ற சொல்

வெளியில் சொல்லக் கூச்சப்படும் இடத்தில் எனக்கு ஒரு கட்டி இருந்தது. முதுகுத்தண்டு முடிகிற இடம். வீங்கும், உடையும், சீழ் வடியும், ஆறும். சில மாதம் கழித்து மறுபடி வரும். சூட்டுக் கட்டி என்று மனைவியையும் நம்பவைத்து, விளக்கெண்ணெய் தடவியே 20 வருடம் ஓட்டிவிட்டேன்.

ஓய்வு பெற்றபின் உட்காரவே முடியாமல் போனதும் டாக்டரிடம் போனேன். "பைலோனிடல் சைனஸ் சார். முடி உள்ளே குத்திப் போய்ப் புரை வைத்திருக்கிறது" என்றார். இரண்டாம் உலகப் போரில் ஜீப்பில் குலுங்கிய அமெரிக்கச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இதற்காக ஆஸ்பத்திரியில் படுத்தார்களாம். அதனால் 'ஜீப் நோய்' என்றே பெயர் வந்துவிட்டது. நானும் ஆபீஸ் ஜீப்பில் குலுங்கியவன்தான்.

ஆபரேஷன் முடிந்ததும் தியேட்டர் வாசலில் நின்ற என் மனைவியிடம் நர்ஸ் ஒரு டப்பாவையும் சீட்டையும் கொடுத்து, "இதைக் கீழே லேப்ல கொடுத்துட்டு வாங்கம்மா" என்றிருக்கிறார். டப்பாவில் ஃபார்மலினில் மிதக்கும் என் சதை. சீட்டில் 'பயாப்சி'.

எங்கள் வயதுக்காரர்களுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். அவளுடைய அண்ணனுக்கு அதை எழுதிக் கொடுத்த ஆறாம் மாதம் அவர் இல்லை. அதனால் அவள் என்னிடம் மூச்சு விடவில்லை. நானோ பில்லில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு அவளிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்தபடியே, எந்தப் பேங்கில் எவ்வளவு, நாமினி யார் என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். ஐந்தாம் நாள் அவள் பார்த்துவிட்டாள். "உங்களுக்கும் தெரியுமாங்க?" என்று கேட்டு அழுதாள்.

எட்டாம் நாள் ரிசல்ட் வந்தது. நாள்பட்ட அழற்சி, முடித் துணுக்குகள், புற்றுநோய் இல்லை.

எங்கள் கதையைக் கேட்டு டாக்டர் திகைத்துவிட்டார். "சந்தேகப்பட்டு அனுப்பலம்மா. அப்பெண்டிக்ஸ், பித்தப்பை எடுத்தாலும் அனுப்புவோம். இது வழக்கம்தான். பல வருஷம் ஆறாத புரையில் அபூர்வமாகப் புற்றுநோய் வரலாம். வெறும் கண்ணுக்கு அது தெரியாது" என்றார். சதையை மெழுகில் பதித்து, மில்லிமீட்டரில் 250இல் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டுமாம். நாளாவது அதனால்தான்.

டப்பாவைக் கொடுக்கும்போதே இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாங்களும் கேட்டிருக்கலாம். 20 வருடம் கூச்சத்தில் மறைத்தவன், அந்த ஒரு வாரம் பயத்தில் மறைத்தேன். இரண்டுமே வீண்.

உங்கள் கையில் யாராவது அப்படியொரு டப்பாவைக் கொடுத்தால், எதற்கு என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். ஆறாத கட்டி இருந்தால் இன்றைக்கே காட்டுங்கள்.

அந்த நோட்டை மட்டும் எழுதி முடித்துவிட்டேன். எப்படியும் தேவைதானே! பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. அவளுக்கும் தெரியும்.