மீனம்பாக்கம் – பலாலி

தூக்கம் வரல. வேற என்ன பண்ண, மேப்ல தூரம் அளந்துட்டு கிடக்கேன்.

சென்னை மீனம்பாக்கத்துல விரலை வச்சு நேரா தெற்க இழுத்தா
கோடு சாயாம யாழ்ப்பாணத்துப் பலாலி ஏர்போர்ட்ல போய் நிக்குது.
சுமார் 355 கிலோமீட்டர்.

மதுரை ஏர்போர்ட் 415 கிட்ட வருது. கோவைகூட 400ஐத் தாண்டுது.
அப்போ யாழ்ப்பாணம்தான் எனக்குப் பக்கத்து ஊரு!

ஏடிஆர் விமானம், ரெக்கையில காத்தாடி சுத்துற ரகம். ஒண்ணரை மணி நேரத்துக்குள்ள இறக்கி விட்ருது.
கடிகாரத்தைக்கூட மாத்த வேணாம், ரெண்டு பக்கமும் ஒரே நேரம்.
ஆனா வெளிநாட்டுப் பயணமாச்சே. மூணு மணி நேரம் முன்னாடியே போய் வரிசையில நிக்கணும்.

2019 அக்டோபர்ல பலாலி சர்வதேச விமான நிலையமா திறக்குற வரைக்கும், பல வருஷமா இந்த விமானமும் இல்ல.
கொழும்புல இறங்கி, கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் தரை வழியா வடக்க திரும்பி வரணும். வந்த வழியே பாதி திரும்புற மாதிரி.
(போர்க்காலத்துக் கதை வேற.)

இவ்ளோ கணக்குப் போடுற எனக்கு பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க மட்டும் நேரமில்ல 😄

போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க,
வலது பக்க ஜன்னல்ல உக்காந்தா கோடியக்கரை தெரியுதா?